பின்வளவில் புளூபெரி: பழவாசனைக் கஞ்சா வளர்த்த பதிவு

கனடாவில், ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வளவு இருக்கிறது. கத்தரி, மிளகாய், வெண்டி, பாகல் எல்லாம் ஒவ்வொரு கோடையும் போடுவேன். இந்தக் கோடையில் அதன் தெற்கு மூலையை ‘புளூபெரி’ என்ற கஞ்சா வகைக்கு ஒதுக்கினேன். பழவாசனை வரும் என்று சொல்கிற வகை. அந்த வாசனை எங்கிருந்து வருகிறது, நம் கையால் வளர்த்தால் அது உண்மையில் வருமா என்று பார்ப்பதுதான் நோக்கம். வந்தது. ஆனால் வாசனையில் பாதிதான் விதையில் இருக்கிறது, மீதிப் பாதி அறுவடைக்குப் பிறகு உலர்த்துகிற விதத்தில் இருக்கிறது. அதனால் இந்தப் பதிவில் உலர்த்துவதைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறேன்.

முதலில் சட்டம். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் வயது வந்தவர்கள் வீட்டில் கஞ்சா வளர்க்கலாம். ஒரு வீட்டுக்கு 4 செடி. ஆளுக்கு நான்கு என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் நான்குதான். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 19 வயது ஆகியிருக்க வேண்டும். விதையும் உரிமம் பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும். கியூபெக் மாகாணத்தில் வீட்டில் வளர்க்கத் தடை. அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாடகை வீட்டிலோ கொண்டோ என்கிற அடுக்குமாடி வீட்டிலோ இருப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், பலவற்றில் தடை எழுதியிருக்கும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வாசிப்பவர்களுக்கு: அங்கே அனுமதியில்லாமல் இதைப் பயிரிடுவது குற்றம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி 10 வருடம் வரை சிறை. இது ஒன்ராறியோவில் செய்த வேலையின் குறிப்பு, அவ்வளவே.

புளூபெரியின் கதை அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் தொடங்குகிறது. 1970களின் கடைசியில் டி.ஜே. ஷோர்ட் என்ற பெயரில் அறியப்படுகிற ஒரு வளர்ப்பாளர் இதை உருவாக்கினார். அந்தக் காலத்தில் தாய்லாந்திலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்து சேர்ந்த கஞ்சாவில் விதைகளும் கிடக்கும். அப்படிக் கிடைத்த தாய்லாந்து மலைநாட்டு வகைகளையும், மெக்சிகோவின் ஒஹாக்கா வகையையும், ஆப்கானிஸ்தான் வகையையும் அவர் ஒன்றோடொன்று கலந்தார். ஏன் இப்படி ஒரு கலப்பு என்பதை, வடக்கில் தோட்டம் வைத்த எவரும் உடனே புரிந்துகொள்வார்கள். தாய்லாந்துச் செடிகள் பூத்து முடிய மாதக்கணக்கில் எடுக்கும். வெப்பநாட்டில் அது பிரச்சினை இல்லை. வடக்கில் அதற்குள் உறைபனி வந்துவிடும். ஆப்கான் செடி குள்ளம், அகன்ற இலை, சீக்கிரம் பூத்து முடிந்துவிடும். இந்துகுஷ் மலைப்பக்கத்துக் குளிருக்குப் பழகியது. பழவாசனையைத் தாய்லாந்துப் பக்கமிருந்தும் வேகத்தை ஆப்கான் பக்கமிருந்தும் எடுத்து, பல தலைமுறை பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்ததுதான் புளூபெரி. 2000ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த கன்னபிஸ் கப் என்ற கஞ்சா வகைகளுக்கான போட்டியில் இண்டிகா (ஆப்கான் செடிபோலக் குள்ளமான, அகன்ற இலை வகை) பிரிவில் முதல் பரிசு பெற்றது. இன்று கடைகளில் அதிகம் விற்கிற ‘புளூ டிரீம்’ வகையும் இதை ஹேஸ் வகையோடு கலந்து வந்தது என்றுதான் வளர்ப்பவர்கள் சொல்வார்கள்.

ஆனால் விதைப்பையில் எழுதியிருக்கிற பெயரை நம்பி மட்டும் இறங்கக் கூடாது. ஹலிஃபாக்ஸில் உள்ள டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட மரபணு ஆய்வில், ஒரே பெயரில் இருக்கிற மாதிரிகள் பல நேரம் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தமாகக்கூட இருக்கவில்லை. அதனால் பெயரை விட, யார் வளர்த்த விதை, பூக்க எத்தனை வாரம் என்று எழுதியிருக்கிறது என்பதையே பார்த்து வாங்கினேன். 8 முதல் 9 வாரத்தில் பூத்து முடிகிற விதை. ரொறன்ரோவுக்கு அதற்கு மேல் போகக் கூடாது.

பெண் விதை வாங்குவது நல்லது. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண்ணில்தான் பிசின் நிறைந்த பூ வரும். பக்கத்தில் ஆண் இருந்து மகரந்தம் விழுந்தால் பூ முழுக்க விதையாகிவிடும். பெண் செடிகளை மட்டும் தருகிற விதையைப் பெண்ணாக்கிய விதை என்று தனியாக விற்கிறார்கள். அதை வாங்கினாலும் ஜூலையில் கணுக்களைப் பார்த்தே ஆக வேண்டும். கணுவில் இரண்டு வெள்ளை மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் பெண். சிறு உருண்டைப் பை தொங்கினால் ஆண், உடனே பிடுங்கிவிட வேண்டும். செடி வெயிலிலோ வறட்சியிலோ வாடினால் பெண் செடியே ஒன்றிரண்டு ஆண் பூ விடுவதும் உண்டு.

ஏப்ரல் கடைசியில் விதையை ஈரமான காகிதத் துவாயில் மடித்து, மூடிய தட்டில் சூடான இடத்தில் வைத்தேன். வேர்முனை வெளியே வந்ததும் சிறு சாடியில், வேர் கீழ்ப்பக்கமாக, விரல்நுனி ஆழத்தில் நட்டேன். ஜன்னலோரம் ஒரு சிறிய எல்.ஈ.டி விளக்கு. விளக்கை ஒரு நாளில் 18 மணிநேரம் எரிய விட வேண்டும். பகல் குறைந்தால் செடி சின்னதாக இருக்கும்போதே பூக்கப் பார்க்கும். இங்கே மே பிற்பகுதியில் வருகிற விக்டோரியா தின விடுமுறைக்கு முன் எதையும் வெளியில் நடாதே என்பது தோட்டக்காரர் எல்லோருக்கும் தெரிந்த விதி. மிளகாய்க்கும் அதேதான், இதற்கும் அதேதான். அதற்கு முந்தின வாரம் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கினேன்.

நிலத்தில் நடாமல் 40 லீட்டர் துணிச்சாடிகளில் வைத்தேன். காரணம் இரண்டு. மழை மாரியில் இழுத்து மறைவுக்குக் கொண்டுபோகலாம். அடுத்தது, ஸ்காபரோவின் களிமண்ணில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். கம்போஸ்ட், பீட் (சதுப்புநில மட்கு), பெர்லைட் (தண்ணீர் வடியச் சேர்க்கிற இலேசான வெள்ளைக் கல்) மூன்றையும் கலந்த மண். காரஅமில அளவு 6க்கும் 7க்கும் நடுவில் இருந்தால் போதும். பசளை விஷயத்தில் புளூபெரி மிகவும் நுணுக்கமான செடி. தக்காளிக்குப் போடுகிற அளவில் பாதி போட்டாலே இதற்குக் காணும். கொஞ்சம் கூடினால் இலை நுனி எரிந்து மேலே வளைகிறது. ஜூன், ஜூலையில் நைதரசன் தேவை. பூ தொடங்கியதும் அதைக் குறைத்துவிட வேண்டும். கரும்பச்சை இலை அழகாகத்தான் இருக்கும், ஆனால் பூ காலத்தில் அப்படி இருந்தால் பிறகு உலர்த்தும்போது பச்சைநாற்றம் போகவே போகாது.

ஐந்தாறு கணு வந்ததும் தலைக்குருத்தைக் கிள்ளினேன். பக்கக் கிளைகளை மெல்லிய துணிநாடாவால் சாடியின் விளிம்புக்கு இழுத்துக் கட்டினேன். செடி மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்காது, எல்லாக் கிளைக்கும் வெயிலும் கிடைக்கும். பக்கத்து வீட்டு அண்ணை ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று, “தம்பி, இது அந்தச் சாமான்தானே?” என்று கேட்டார். “ஓம் அண்ணை, நாலே நாலு செடி, சட்டம் விடுகிறது” என்றேன். “சட்டம் கிடக்கட்டும், பேரப்பிள்ளைகள் வந்து விளையாடுகிற இடம், கவனம்” என்றார். அவர் சொன்னது சரி. அடுத்த நாளே மரச்சட்டத் தடுப்பு ஒன்று அடித்து, கேற்றுக்குப் பூட்டும் போட்டேன். வாசனை காற்றில் போகும் என்பதால், ஓகஸ்ட்டில் பூ வருகிறபோது அண்ணையிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன்.

வெளியில் வளர்கிற செடிக்குப் பூக்கச் சொல்வது இரவின் நீளம். ஜூன் 21இல் ரொறன்ரோவில் பகல் கிட்டத்தட்ட பதினைந்தரை மணிநேரம். அது குறைந்துகொண்டு வந்து ஓகஸ்ட் தொடக்கத்தில் செடி பூக்கத் தொடங்குகிறது. இந்தக் காலத்தில் இரவு உண்மையில் இருட்டாக இருக்க வேண்டும். எங்கள் பின்வாசல் விளக்கு அசைவைக் கண்டால் எரிகிற ரகம். ரக்கூன் நடமாட்டத்துக்கே இரவில் பத்துத் தடவை எரியும். அதைக் கழற்றிவிட்டு, தெருவிளக்குப் பக்கம் ஒரு கறுப்புத் துணித் திரையும் கட்டினேன். வெளிச்சம் விழுகிற பக்கத்துக் கிளை பிந்திப் பூக்கும் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். திரை கட்டியதால் எனக்கு எல்லாக் கிளையும் ஒன்றாகவே பூத்தன.

பூச்சி அதிகம் தொந்தரவு தரவில்லை. யப்பானிய வண்டு ஜூலையில் இலையைச் சல்லடையாக்கும். விடிகாலையில் அது மந்தமாக இருக்கும்போது கையால் தட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் சரி. புழுவுக்குப் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாக் கரைசலைப் பூ வருவதற்கு முன் தெளித்தேன். நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேப்பெண்ணெய். அதை இலைக்காலத்தோடு நிறுத்திவிட வேண்டும். பூ வந்த பிறகு ஒரு துளிகூட வேண்டாம். பிசினோடு ஒட்டிக்கொண்டு கடைசிவரை போகாது, அதைத்தான் பிறகு மூச்சில் இழுக்க வேண்டிவரும்.

செப்டம்பரில்தான் இந்த வகையின் அழகு தெரிந்தது. இரவு 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கியதும் இலைக்காம்பும் பூவிதழும் ஊதாவாக மாறின. அந்தோசயனின் என்ற நிறமி இது. உண்மையான புளூபெரிப் பழத்தின் தோலிலும் இருப்பது இதே குடும்ப நிறமிதான். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமில்லை. ஊதா என்றால் வீரியம் என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம்.

அந்த மாதத்திலேயே மழையும் வந்தது. புளூபெரியின் பூக்கொத்து இறுக்கமானது. உள்ளே ஈரம் தங்கினால் பொட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். முதல் அடையாளம் வெளியே தெரியாது. பூவின் நடுவிலிருந்து ஒரே ஒரு சின்ன இலை காய்ந்து, தொட்டால் கையோடு வந்துவிடும். அதைக் கண்டால் பூவைப் பிரித்துப் பார்க்க வேண்டும், உள்ளே சாம்பல் தூள் இருக்கும். ஒரு செடியில் ஏறக்குறைய பாதி இப்படிப் போயிற்று. நோய் தெரிகிற இடத்திலிருந்து நன்றாகக் கீழே வெட்டி, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பினேன், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்து. பூஞ்சணம் பிடித்ததை உலர்த்தி எடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நுரையீரலுக்கு நேரடி ஆபத்து. மற்றச் செடிகளுக்கு மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை போட்டு, நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்துவிட்டேன். அதன்பிறகு பரவவில்லை.

எப்போது வெட்டுவது என்பதற்கு 60 மடங்கு பெருக்குகிற கைவில்லை ஒன்று போதும். பூவிதழில் காளான் வடிவில் நிற்கிற பிசின்மயிர்களைப் பார்க்க வேண்டும். கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. பெரும்பாலும் பால்வெள்ளையாகி, அங்கொன்று இங்கொன்று தேன்நிறமானபோது வெட்டினேன். இலையில் பார்க்கக் கூடாது, பூவிதழில்தான் பார்க்க வேண்டும். இலையில் இருப்பவை முந்திப் பழுத்துவிடும். வெட்டியது விடிகாலையில், வெயில் படுமுன். வாசனைப் பொருட்கள் வெயில் ஏற ஏறக் காற்றில் போய்விடும்.

அந்த வாசனை எதனால் ஆனது? பெரும்பகுதி டெர்பீன்கள், அதாவது செடிகளின் எண்ணெயில் இருக்கிற வாசனைப் பொருட்கள். மாம்பழத்தில் இருக்கிற மிர்சீன், மிளகிலும் கராம்பிலும் இருக்கிற கரியோஃபிலீன், பைன் மரத்தின் பைனீன், எலுமிச்சைத் தோலின் லிமொனீன். ஆனால் பழவாசனையை டெர்பீன் மட்டும் தருவதில்லை. கஞ்சாவின் கடுமையான நாற்றத்துக்கு மிக நுண்ணிய அளவில் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் காரணம் என்று 2021இல் கண்டுபிடித்தார்கள். பழம், இனிப்பு போன்ற வித்தியாசங்களையும் டெர்பீன் அல்லாத இத்தகைய சிறு சேர்மங்களே தீர்மானிக்கின்றன என்று 2023இல் இன்னொரு ஆய்வு வந்தது. இவை எல்லாமே எளிதில் ஆவியாகிப் போகிறவை. கோடை முழுக்கச் செடி சேர்த்துவைத்ததைச் சூடான அறையில் ஒரு வாரத்துக்குள் தொலைத்துவிடலாம்.

இதைச் சோதிக்கவே ஒரு கிளையை மட்டும் மேல்மாடியில், வெப்பக்காற்று வருகிற துவாரத்தின் அருகில் தொங்கவிட்டேன். மற்றவை பேஸ்மென்ட்டில். அங்கே 16 முதல் 18 பாகை, ஈரப்பதம் 55 முதல் 60 வீதம். முழு இருட்டு. சிறிய மின்விசிறி ஒன்றைப் பூவைப் பார்த்து வைக்காமல் சுவரைப் பார்த்து வைத்தேன். காற்று அசைய வேண்டும், பூவில் அடிக்கக் கூடாது. கிளைகளை முழுதாகவே, சிறு இலைகளைக் கழிக்காமல் தொங்கவிட்டேன். அந்த இலைகள் பூவை மூடி ஈரத்தை மெல்ல விடும். ஒக்டோபரில் வீட்டில் ஹீட்டர் போடத் தொடங்கியதும் காற்று சட்டென்று வறண்டுவிடும், அதனால் பேஸ்மென்ட் அறையின் துவாரத்தை அடைத்துவிட்டு, ஈரமானியைக் காலையும் மாலையும் பார்த்தேன். பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை எடுக்க வேண்டும். மெல்லிய காம்பை வளைத்தால் ‘டக்’ என்று முறிய வேண்டும், தடித்த காம்பு இன்னும் வளைய வேண்டும். அதுதான் பதம்.

பிறகு சிறு இலைகளைக் கத்தரித்து, கண்ணாடிப் போத்தல்களில் முக்கால்வாசி நிரப்பி மூடினேன். ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு சின்ன ஈரமானி. 58க்கும் 62க்கும் நடுவில் நின்றால் நல்லது. 65க்கு மேலே ஏறினால் வெளியில் எடுத்துப் பரப்ப வேண்டும். திறக்கும்போது அமோனியா நாற்றம் வந்தால் உள்ளே ஈரம் கூடிக் கெட்டுப்போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதல் இரண்டு வாரம் தினமும் சில நிமிடம் திறந்து மூடினேன், அப்புறம் வாரம் ஒருமுறை.

போத்தலில் போட்டபோது இரண்டுமே வைக்கோல் மணம்தான். மேல்மாடிக் கிளை சில நாளில் மொறுமொறுவென்று காய்ந்தது, கடைசிவரை வைக்கோலாகவே இருந்துவிட்டது. பேஸ்மென்ட்டில் உலர்ந்தது வேறு மாதிரி. இரண்டாம் வாரத்தில் வைக்கோல் மணம் தணிந்தது. மூன்றாம், நான்காம் வாரத்தில் மூடியைத் திறந்ததும் ஜாம் போத்தல் திறக்கிற மாதிரி ஒரு இனிப்பு, அதன் அடியில் கொஞ்சம் மிளகு. கந்தகச் சேர்மங்கள் சேமிப்பில் சீக்கிரம் குறைந்துவிடுகின்றன என்று அந்த 2021 ஆய்விலேயே இருக்கிறது. மேலே மூடியிருந்த கடுமை போனதும் பழம் தெரிகிறது என்று நினைக்கிறேன். ஒரே விதை, ஒரே மண், ஒரே நாளில் வெட்டியது. உலர்த்திய இடம் மட்டும்தான் வேறு.

இனி விளைவு. புளூபெரி உடலைத் தளர்த்தித் தூக்கம் தருகிற வகை என்று பெயர் பெற்றது. எனக்கும் மாலையில் மிகச் சிறிய அளவில் அப்படித்தான் இருந்தது: தோள் இறுக்கம் விடுகிறது, யோசனை மெதுவாகிறது, வாய் வறள்கிறது, பசிக்கிறது, ஒரு மணிநேரம் கழித்துக் கண் சொருகுகிறது. இதை ‘இண்டிகா குணம்’ என்று விளக்குவது பழக்கம். ஆனால் இண்டிகா, சற்றிவா (உயர்ந்து வளர்கிற, ஒடுங்கிய இலை வகை) என்ற பிரிப்பை வைத்து விளைவைச் சொல்ல முடியாது. உண்மையில் வேலை செய்வது ரி.எச்.சி என்ற வேதிப்பொருள், மூளையில் சி.பி.1 ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. எவ்வளவு எடுத்தோம், உடல் பழகியதா, அன்றைய மனநிலை என்ன என்பதே மீதியைத் தீர்மானிக்கிறது. அளவு கூடினால் இதே செடி நெஞ்சுப் படபடப்பும் பயமும் தரும். கடைச் சரக்கில் ரி.எச்.சி வீதம் எழுதியிருக்கும், வீட்டில் விளைந்ததில் எழுதியிருக்காது. ஆகவே மிகக் குறைவில் தொடங்கிக் காத்திருக்க வேண்டும். உணவில் கலந்தால் இன்னும் கவனம்: விளைவு தெரிய 30 நிமிடம் முதல் 2 மணிநேரம் வரை எடுக்கும், 12 மணிநேரம் வரை நீடிக்கலாம். ஒன்றும் நடக்கவில்லை என்று இன்னொரு துண்டு சாப்பிட்டுத்தான் பலர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள்.

மூளை 25 வயதுவரை வளர்கிறது, இளையவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், இதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருப்பவர்கள் எல்லோரும் விலகியே இருக்க வேண்டும். தினமும் எடுத்தால் பழக்கம் பிடிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். எரித்து இழுக்கிற எந்தப் புகையும் நுரையீரலுக்குக் கெடுதிதான்.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று. இங்கே இரத்தத்தில் ஒரு மில்லிலீட்டருக்கு 2 நானோகிராம் ரி.எச்.சி இருந்தாலே வாகனம் ஓட்டுவது குற்றமாகிவிடும். 2018 டிசம்பருக்குப் பிறகு போதையில் ஓட்டுவதற்கான உச்ச தண்டனை 10 வருடம். அதனால் குடியுரிமை இன்னும் பெறாத நிரந்தரவாசி ஒருவர் நாட்டில் தங்குகிற உரிமையையே இழக்க நேரலாம். எல்லையைத் தாண்டி எடுத்துப் போவதும் குற்றம், அமெரிக்காவில் சட்டம் அனுமதிக்கிற மாநிலத்துக்குப் போனாலும்கூட. போத்தல்கள் எல்லாம் எங்கள் வீட்டில் பேஸ்மென்ட் அலுமாரியில், பூட்டுக்குள், ‘கஞ்சா’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டிய பெட்டியில் இருக்கின்றன. வெறும் தேயிலை என்று நினைத்து யாரும் எடுத்துவிடக் கூடாது.

அடுத்த கோடைக்கு நான்குக்குப் பதில் இரண்டு செடிதான். பிளாஸ்டிக் கூரையை மழை வரும்வரை காத்திராமல் ஓகஸ்ட் நடுவிலேயே போட்டுவிடுவேன். பூக்கொத்தின் உள்பக்க இலைகளையும் முன்கூட்டியே கழித்துக் காற்றுக்கு வழிவிட வேண்டும். மிச்சமாகிற இரண்டு சாடியில் பச்சைமிளகாய் வைக்கலாம் என்று வீட்டில் சொல்லியாயிற்று.